திமிங்கிலம் கண்ட காயின் சார்

ஈரோட்டில் எங்கள் தெருவாசி ஒருவர் உண்டு. அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, கிடைத்த பணிக்கொடையில் ஒரு பகுதியைக் கிரிப்டோ நாணயங்களில் போட்டு, அன்று முதல் உறக்கத்தையும் உறவினரையும் ஒருங்கே துறந்துவிட்ட அவருக்குத் தாய் தந்தையர் இட்ட திருநாமம் வேறு என்றாலும், பால்காரர் முதல் கூரியர் பையன் வரையில் சகலருக்கும் அவர் ‘காயின் சார்’தான். உங்கள் தெருவிலும் இந்த ஜாதியைச் சேர்ந்த ஒருவர் இருப்பார். கைப்பேசியைப் பார்த்தபடியே நடந்து வந்து, மின்கம்பத்தில் இடித்துக்கொண்டு, “மன்னிச்சுக்கோங்க” என்று அதனிடமே சொல்லிவிட்டு விலகிப் போகிறவர் எவரோ அவரே இவர்.

காயின் சாரின் சித்தாந்தம் மிகச் சுருக்கமானது. பிட்காயின் தானாக ஏறும். ஒருபோதும் தானாக இறங்காது. இறங்கினால் இறக்கியவன் ஒருவன் இருக்கிறான். அவ்வாறு இறக்கும் பெருந்தனக்காரனைக் கிரிப்டோ உலகத்தார் ‘வேல்’ என்பார்கள், தமிழில் திமிங்கிலம். சாரின் தாயாருக்கு எண்பது கடந்துவிட்டது, காதும் சற்று மந்தம். மகன் திண்ணையில் நின்றுகொண்டு, “வேல் வந்துட்டானுங்க சார், வேல்!” என்று என்னிடம் அலறும்போதெல்லாம், உள்ளே உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாள் சென்னிமலை இருக்கும் திக்கை நோக்கிக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுவார்.

சதியென்பது அவருக்குப் புதிதல்ல. பெருந்துறைப் பக்கத்தில் ஈமு கோழி வளர்த்தவர்கள் 2012-ஆம் வருஷத்தில் தலையில் துண்டு போட்டுக்கொண்ட காலத்தில் அவரும் ஒரு துண்டு போட்டுக்கொண்டவரே. அது கறிக்கோழிக்காரர்களின் சூழ்ச்சி என்பது அப்போதைய தீர்ப்பு. கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி, நஷ்டத்தை வேறெதிலும் கழித்துக்கொள்ள முடியாது என்று 2022-இல் வந்த சட்டத்தையும் அவர் திமிங்கிலத்தின் கணக்கிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

“நான் வாங்குனனுங்க, அஞ்சு நிமிசம் ஆவல, அடிச்சுட்டான். நான் வாங்குனது அவனுக்கு எப்படிங்க தெரியும்?” என்று அவர் கேட்கும்போது குரலில் வருத்தம் பாதி, பெருமிதம் பாதி. சாக்கடையில் கால் இடறி விழுந்தவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். கோயில் யானை தள்ளி விழுந்தவனையோ சுற்றிக் கூட்டம் கூடி, எந்த யானை, எந்தப் பக்கம் தள்ளிற்று என்று பரிவுடன் விசாரிக்கும். காயின் சாருக்கு யானை வேண்டும்.

2025 அக்டோபர் 11-ஆம் தேதி, புரட்டாசி மாதத்து நான்காம் சனிக்கிழமை, விடியற்காலம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டு அழைப்பு மணி இடைவிடாமல் அடித்தது. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிக் கதவைத் திறந்தால், லுங்கியும் பனியனுமாய், கைப்பேசியின் வெளிச்சம் முகத்தில் நீலமாய்ப் பரவ, சார் நின்றுகொண்டிருந்தார்.

“முடிச்சுட்டானுங்க சார்.”

அமெரிக்காவில் அப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஜனாதிபதி டிரம்ப் சீனச் சரக்குகளின் மீது மேலும் 100 சதவீதம் சுங்கவரி விதிக்கப்போவதாக அறிவித்த சற்று நேரத்துக்கெல்லாம், முன்தினம் 1,20,000 டாலருக்கு மேல் நின்ற பிட்காயின் 1,05,000 டாலர் அளவுக்குச் சரிந்துவிட்டது. சின்ன நாணயங்களில் சில பாதி விலைக்கும் கீழே போய்த் திரும்பின. ஒரே நாளில் கட்டாயமாக முடித்துவைக்கப்பட்ட பந்தயங்களின் பெறுமானம் 1,900 கோடி டாலர் என்றும், அவற்றைக் கட்டியிருந்தவர்கள் சுமார் 16 லட்சம் பேர் என்றும் பிறகு கணக்குச் சொன்னார்கள். அந்த 16 லட்சத்தில் காயின் சாரும் ஒருவர் என்று சொல்லுவது அவர் காதில் விழாமல் இருப்பது நலம். அவர் வரையில் மற்றவர்களெல்லாம் வலையில் தற்செயலாய் அகப்பட்ட பொடிமீன்கள்.

அவர் போட்டிருந்தது ரூ. 25,000. ஆனால் இருபது மடங்குக் கடன் வசதியில் அவர் ஆடிய ஆட்டமோ ஐந்து லட்சத்துக்கு. விலை ஐந்து சதவீதம் இறங்கினால் கைமுதல் பூஜ்யம் என்பதைப் பள்ளிக்கூடத்துப் பையனும் போட்டுக் காட்டிவிடுவான். அடகுக்கடையில் எல்லோரும் நகையை வைத்துக் கடன் வாங்கி, அந்தக் கடனில் மேலும் நகை வாங்கி அதையும் அடகு வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கம் சற்று இறங்கியதும் கடைக்காரர் முதல் ஆளின் நகையை ஏலத்தில் விடுகிறார். ஏலத்துக்கு வந்த நகையால் விலை இன்னும் இறங்குகிறது. அதனால் அடுத்தவர் நகையும் ஏலத்துக்கு வருகிறது. கிரிப்டோச் சந்தையில் இந்த ஏலத்தை இயந்திரம் நடத்துகிறது; அதற்கு நோட்டீஸும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. 2017 ஜூன் 21-ஆம் தேதி, அமெரிக்காவில் ஜிடாக்ஸ் என்ற சந்தையில் யாரோ ஒருவர் பெருந்தொகைக்கு ஈதர் நாணயத்தை ஒரே மூச்சில் விற்கப்போய், 300 டாலருக்கு மேலிருந்த விலை கண் இமைக்கும் நேரம் 10 சென்ட்டைத் தொட்டு மீண்டதும் இப்படித்தான். திருட்டுத்தனம் ஏதும் தென்படவில்லை என்று சந்தைக்காரர்களே சொல்லி, நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடும் கட்டினார்கள்.

இந்த விருத்தாந்தம் முழுவதையும் நான் கொட்டாவிக்கு நடுவே எடுத்துச் சொல்லி முடித்ததும், சார் என்னைத் திமிங்கிலத்தின் கையாள் போலப் பார்த்தார். அவரை முற்றிலும் தவறென்று தள்ளிவிடவும் முடியாமல் இருப்பதே அவரோடு பழகுவதிலுள்ள பெரிய சங்கடம். அந்த அறிவிப்புக்குச் சற்று முன்னால், விலை இறங்குமென்று பெரும் பந்தயம் கட்டிக் கோடிக்கணக்கான டாலரை அள்ளிக்கொண்ட கணக்கு ஒன்று இருந்தது மெய். சங்கதி முன்கூட்டித் தெரிந்து கட்டினார்களா, ஊகந்தான் பலித்ததா என்பதற்குப் பிரமாணம் இல்லை. எங்கள் ஊர் மஞ்சள் மண்டியில் விலையை அமுக்கும் பெரிய கை எது என்பது மூட்டை சுமப்பவருக்குக்கூடத் தெரியும். இங்கேயோ திமிங்கிலத்துக்கு முகமில்லை. எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட முகவரி ஒன்றுதான் உண்டு. அத்தகைய முகவரிகள் நான்கைக் காயின் சார் மனப்பாடமாக ஒப்பிப்பார். மகளின் கைப்பேசி எண்ணைக் கேட்டால் அகத்துக்காரியைக் கூப்பிடுவார்.

நானும் சும்மா இருந்திருக்கலாம். டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜான் கிரிஃபினும் அமீன் ஷம்ஸ் என்ற அறிஞரும் 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சியை அவருக்குச் சொன்னேன். 2017-இல் பிட்காயின் 20,000 டாலரை எட்டிப் பிடிக்கப்போன அந்த மகா ஏற்றத்தில், விலை தளரும் சமயம் பார்த்து டெதர் நாணயத்தைக் கொண்டு வாங்கித் தூக்கி நிறுத்திய ஒரே ஒரு பெரிய கை இருந்ததாக அவர்கள் எழுதினார்கள். டெதர் நிறுவனத்தார் அதை அடியோடு மறுத்தார்கள். “ஆக, உங்கள் திமிங்கிலத்தின் சுவடு ஆராய்ச்சியில் தென்பட்டது இறக்கத்தில் அல்ல, ஏற்றத்தில்” என்றேன்.

சார் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “அவன் ஏத்தி விட்டவனுங்க சார். ஏத்தறவன் எப்படிங்க திமிங்கிலமாவான்? அவரு முதலீட்டாளரு.”

‘அவன்’ என்று ஆரம்பித்த வாக்கியம் ‘அவரு’ என்று முடிந்ததைக் கவனித்தபடி நான் காப்பி போட உள்ளே போனேன்.

பொழுது விடிந்தது. நெற்றியில் நாமமும் கையில் செம்புமாய்ப் பிள்ளைகள் வீடு வீடாக வந்து, சார் வீட்டு வாசலில் நின்று, தெரு அதிர “கோவிந்தா, கோவிந்தா!” என்றார்கள். இரவு நடந்த சேதி இவர்களுக்குள்ளும் பரவிவிட்டதோ என்ற திகைப்புடன் சார் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கையில், உள்ளேயிருந்து தாயார், “என்ரா கண்ணு, அரிசி போட்டுட்டு மாவிளக்குக்கு நெய் வாங்கியா” என்று குரல் கொடுத்தார். சார் மெல்ல என் பக்கம் திரும்பி, ஐந்நூறு ரூபாய் கேட்டார், கொடுத்தேன்.

அந்த ஐந்நூறு இன்னும் திரும்பி வரவில்லை. அதில் எந்தத் திமிங்கிலத்துக்கும் சம்பந்தம் கிடையாது.