வானத்திலிருந்து விழுந்த தீவனப் பணம்

2002-இல் அமெரிக்க அரசு, வறட்சியில் தவித்த கால்நடைப் பண்ணைகளுக்கு நிவாரணம் அறிவித்தது: இறைச்சி மாட்டுக்குத் தலா 18 டாலர், கறவை மாட்டுக்கு 31.50. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் மனம் இளகி, வறட்சிதான் என்றில்லை, எந்தப் பேரிடரானாலும் சரி என்றது.

அதே 2003 பிப்ரவரியில் கொலம்பியா விண்கலம் டெக்சாஸ் வானில் சிதறி எழுவர் மாண்டனர். சில்லுகள் விழுந்த மாவட்டங்கள் பேரிடர்ப் பட்டியலில் சேர்ந்தன. உடனே அங்குள்ள மாடுகளுக்கும் தகுதி வந்துவிட்டது! மழை பெய்ததா, புல் முளைத்ததா, மாடு இளைத்ததா என்று கேட்க விண்ணப்பத்தில் கட்டமே இல்லை. மாட்டை எண்ணிச் சொன்னால் காசோலை வந்தது.

2006-இல் வாஷிங்டன் போஸ்ட் இதை அம்பலப்படுத்தியது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! நிவாரணம் கொடுக்குமுன் மாட்டின் விலா எலும்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஐயா.