மூலமும் உரையும்

கல்யாணப் பந்தியில் சாம்பாரை வாயில் வைத்ததும் "எங்க ஊர்ல இப்படி வைக்க மாட்டாங்க" என்று ஒருவர் சொல்வாரே, அவருடைய சினிமா வகைப் பங்காளிதான் மூலநூலார். நாவல் ஒன்று படமாகிவிட்டால் போதும், எங்கிருந்தாலும் வந்துவிடுவார். டைட்டில் ஓடும்போதே தொண்டையைச் செருமுவார். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு அப்போதே வயிற்றைக் கலக்கும். "புத்தகத்துல இப்படி இல்ல சார்."

எங்கள் அலுவலக மூலநூலார் பிடித்துக்கொண்ட நூல் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'. டோல்கீன் எழுதி 1954-55இல் மூன்று பாகமாக வந்தது. பீட்டர் ஜாக்சன் அதை நியூசிலாந்தில் படமாக்கி 2001, 2002, 2003 என்று வருஷத்துக்கு ஒன்றாக இறக்கினார். மூன்றாவது படத்துக்கு 11 ஆஸ்கர். ஊரே கை தட்டியது. நம்மவர் மட்டும் "டாம் பாம்படில் எங்கே?" என்று கேட்டார். இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பாம்படில் என்பவர் நீலச் சட்டையும் மஞ்சள் பூட்ஸுமாகக் காட்டில் பாடித் திரிகிற ஆசாமி. யார் மாட்டினாலும் ஆளை மறைத்துவிடும் அந்த மோதிரத்தை வாங்கி விரலில் போட்டுப் பார்த்து, மறையாமல் அப்படியே நின்று சிரித்தவர். ஜாக்சன் அவரை அடியோடு தூக்கிவிட்டார். மூலநூலார் இதைச் சொல்லும்போது, பூர்வீகச் சொத்தில் தன் பங்கை ஏமாற்றி எழுதிக்கொண்டார்கள் என்கிற குரல் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் படம் பார்க்கப் போய்விட்டேன். தியேட்டரில் வந்த அளவு அல்ல. பிறகு டிவிடியில் நீட்டி விட்டார்களே, அந்தப் பதிப்பு. மூன்றும் சேர்ந்து பதினோரு மணி நேரத்துக்கு மேல். அது மூலம் மட்டும்; அவர் உரை தனி. ரிமோட் அவர் மடியில். சுரங்கத்தில் பால்ராக் என்ற நெருப்பு அரக்கன் வந்ததும் படத்தை நிறுத்தினார்.

"இறக்கை இருக்கு, பாருங்க."

பார்த்தேன். இருந்தது.

"புத்தகத்துல அதோட நிழல் இறக்கை மாதிரி விரிஞ்சுதுன்னு ஓரிடம். கொஞ்சம் தள்ளி, இறக்கை விரிஞ்சுதுன்னு ஓரிடம். நிழலா, நிஜமான்னு உலகம் முழுக்கச் சண்டை போடுறாங்க. இந்த ஆள் பாட்டுக்கு ஒட்ட வெச்சுட்டான்! இறக்கை இருந்தா ஏன் சார் பள்ளத்துல விழணும்?"

என்னிடம் பதில் இல்லை. அரக்கன் திரையில் சாட்டையை ஓங்கியபடி கால் மணி நேரம் நின்றான். காபி கொண்டுவந்த அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இவர் பார்த்து முடிக்கறதுக்குள்ள அந்தப் பையன் மோதிரத்தை மலையில போட்டுட்டு வீட்டுக்கே திரும்பிடுவான்" என்றார்.

"திரும்பினதுக்கு அப்புறம்தான் கதையே இருக்கு! ஊரை அயோக்கியன் பிடிச்சு வெச்சிருப்பான், இவங்க போராடி மீட்கணும். அதைத்தான் வெட்டிட்டான்!" என்று எழுந்தே விட்டார். காபி ஆறியது.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் சொல்வதில் பாதியாவது நியாயம். மெரி என்ற குள்ளப் பையன் சூனிய மன்னனைப் பின்னாலிருந்து குத்துவான் இல்லையா? நாவலில் அந்தக் கத்திக்கு ஒரு பூர்வகதை உண்டு. அதே மன்னனோடு போரிட்டவர்கள் அந்தக் காலத்தில் அடித்த கத்தி. ஒரு பழைய சமாதிக்குள் கிடந்ததைப் பொறுக்கிப் பையன்கள் கையில் கொடுப்பவர் சாட்சாத் பாம்படில்தான். வேறு எந்தக் கத்தியும் அப்படி இறங்கியிருக்காது. படத்தில் அரகார்ன் என்ற வீரன் ஏதோ மூட்டையைப் பிரித்து ஆளுக்கொரு வாள் கொடுக்கிறான், ரேஷன் கடை மாதிரி. ஒரு பாட்டுக்காரரை வெட்டப்போய்ப் பழிதீர்த்த கத்தியும் சேர்ந்து போயிற்று. இதைக் கேட்ட அன்று எனக்கே ஜாக்சன் மேல் கோபம் வந்தது.

ஆனால் எல்லாக் குற்றத்துக்கும் அவரிடம் ஒரே தண்டனைதான். கதைத் தொடக்கத்தில் வரும் பில்போ பெரியவரின் பிறந்தநாள் விருந்துக்கும், மோதிரத்தைச் சுமக்கும் ஃபிரோடோ ஊரைவிட்டுக் கிளம்புவதற்கும் நடுவே நாவலில் 17 வருஷம் ஓடுகிறது. ஃபிரோடோவுக்கு 50 வயது ஆகிவிடும். அதையும் அப்படியே எடுத்திருக்க வேண்டுமாம். எடுத்திருந்தால் இடைவேளைக்கு முன்பே பாதிப் பேர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்.

தன் பரம்பரை பெரிது என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. முதல் மூலநூலார் டோல்கீனேதான். இந்த நாவலைப் படமாக்க யாரோ எழுதிய கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு, நினைத்த இடத்திலெல்லாம் ஏன் கழுகைப் பறக்க விடுகிறீர்கள் என்றெல்லாம் கேட்டு 1958இல் நீளமாகக் கடிதம் எழுதினார். நம்மவர் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசும்போது கொள்ளுத்தாத்தா எழுதிய உயில் மாதிரி பேசுவார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "வால்மீகியில ராவணன் சீதையைக் கையால பிடிச்சுத் தூக்குறான். கம்பர் குடிலோட பெயர்த்து எடுக்க வெச்சார். அவரை மட்டும் ஏன் சார் விட்டுட்டீங்க?"

கொஞ்சநேரம் விட்டத்தைப் பார்த்தார். "அது மெருகு சார். இது கோளாறு."

இத்தனை குறை சொல்கிறாரே, படத்தை வெறுக்கிறாரா என்றால் அதுவும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் அந்த மூன்று படங்களையும் அதிகத் தடவை பார்த்தவர் அவர்தான். படம் அட்சரம் பிசகாமல் நாவலைப் போலவே இருந்திருந்தால் பாவம், இத்தனை வருஷமும் எதைப் பேசியிருப்பார்?

போன மாதம் அந்தப் புத்தகத்தை இரவல் கேட்டேன். வரதட்சணை கொடுப்பவர் போலத் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். சுரங்கச் சண்டை வருகிற பக்கங்களில் காபிக் கறை, எண்ணெய்க் கறை, ஓரமெல்லாம் பென்சில் கோடு. பக்கங்கள் நைந்து துணியாகிவிட்டிருந்தன. பாம்படில் வருகிற பக்கங்கள் மட்டும் நேற்று அச்சகத்திலிருந்து வந்தவை போல வெள்ளை வெளேரென்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

நகத்தால் மெல்லப் பிரித்தேன். பக்கத்துக்குப் பக்கம் பாட்டு.

அவரிடம் யாரும் இதைச் சொல்லிவிடாதீர்கள். நானும் பிரித்ததோடு சரி, படிக்கவில்லை.