செத்தவன் சொல் அம்பலம் ஏறும்

நேற்று ராத்திரி பப்ஜியின் எராங்கல் மேப்பில் எங்கள் ஸ்குவாடை வழிநடத்திய தளபதி, பொச்சின்கியில் கால் ஊன்றிய அடுத்த நிமிஷமே போய்ச் சேர்ந்தவர். அவர் கையில் வாணலி, எதிரில் நின்றவன் கையில் ஷாட்கன். "தம்பி, பொச்சின்கி வேண்டாம், மலையோரமா ரெண்டு வீடு இருக்கு, அங்க இறங்கலாம்" என்று விமானத்திலேயே சொன்னேன். "அங்கிள், உங்க கேடி எவ்ளோ?" என்று கேட்டார். கேடி என்றால் ஒரு சாவுக்கு எத்தனை கொலை என்ற கணக்கு. எனக்கு ஒன்றுக்குக் கீழே. அவருக்கு நாலரையாம். அத்தோடு என் பேச்சு முடிந்தது.

அவர் பேச்சு செத்த பிறகுதான் ஆரம்பித்தது. பப்ஜியில் (இந்தியாவில் 2021 ஜூலையிலிருந்து பிஜிஎம்ஐ என்று பெயர், யார் அப்படிக் கூப்பிடுகிறார்கள்?) உயிர் போனால் துப்பாக்கி போகும், ஹெல்மெட் போகும், மைக் மட்டும் போகாது. ஸ்பெக்டேட்டை அழுத்திவிட்டு, உயிரோடு இருக்கிறவன் தோளில் ஏறிக்கொள்வார்கள்.

"அங்கிள், ரைட்ல." ரைட்டில் பார்த்தேன். மரம். "ரைட்ல, ரைட்ல, மரத்துக்குப் பின்னாடி." பின்னாடி இன்னொரு மரம். "உங்க ரைட் இல்ல, என் ரைட்." அவருக்கு ஏது ரைட்? அவர் பெட்டியாகிப் பொச்சின்கியில் கிடக்கிறார். "ஸ்கோப் போடுங்க." போட்டேன். "எடுங்க." எடுத்தேன். "ஏன் எடுத்தீங்க?" ஃபர்ஸ்ட் எய்ட் பாதி ஏறும்போது, "நேட் வருது, ஓடுங்க" என்றார். ஓடினேன். கிரனேட் எதுவும் வரவில்லை. "ஹீல் முடிச்சிட்டு ஓடியிருக்கலாம்ல?" என்றார். "ப்ரோன் போடுங்க" என்றார், படுத்தேன். "படுத்துக்கிட்டே எப்படி அங்கிள் சுடுவீங்க?"

இதற்குள் இரண்டாமவரும் காலி. அவரும் வந்து என் தோளில் ஏறினார். ஒருவர் ஜீப்பை எடுக்கச் சொன்னார், மற்றவர் சத்தம் கேட்கும் என்று இறங்கச் சொன்னார். இறங்கினேன். ஜோன் வந்துவிட்டது. மறுபடி ஏறினேன். டீசல் இல்லை. யார் சொன்னது சரி என்று இரண்டு பிணங்களும் சண்டை போட்டுக்கொண்டன. நடுவில் ஒன்று, "விடுடா, வயசானவரு" என்றது. வயசானவருக்குக் காது கேட்கும். ஆனால் இவர்கள் போட்ட சத்தத்தில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒருவன் வந்து சுட்டுவிட்டுப் போனான். "சொன்னேன்ல, ரைட்டுன்னு!" என்றார் தளபதி. பின்னாலிருந்து வந்தான் ஐயா!

பிஜிஎம்ஐ 2023 மே மாதம் தடை நீங்கித் திரும்பி வந்தபோது, 18 வயதுக்குக் கீழே இருந்தால் ஒரு நாளைக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். அது ஆடுவதற்கு. பேசுவதற்கு வைக்கவில்லை.

இந்த உலகத்தில் யார் பேச்சு எடுபடுகிறது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். சர்வரில் முதல் 500 பேருக்குள் வந்தால் கான்குவரர். அந்த ஃபிரேம் போட்டவர் கிணற்றில் குதி என்றால் மூன்று பேரும் குதிப்பார்கள். அது இல்லையென்றால் காசு கட்டி வாங்கிய எக்ஸ் சூட் வேண்டும். உடுப்பு மினுக்கினால் கருத்தும் மினுக்குகிறது. ரேண்டமில் மூன்று இந்திக்காரர்கள் சேர்ந்துவிட்டால், "பாய், பாய்" என்று ஆரம்பித்து நமக்குப் பாதி புரிவதற்குள் வண்டி கிளம்பியிருக்கும்.

நேற்று ஸ்குவாடில் நாலாவது ஆள் என் அக்கா மகள். நான் பிளாட்டினம். அவள் டைமண்ட், கிரவுன் எல்லாம் தாண்டி ஏஸ். கேடியைக் கேட்டால் தளபதி எழுந்து நிற்க வேண்டும். ஆனால் கேட்க முடியாது, அவள் மைக்கை அணைத்தே வைத்திருப்பாள். முன்பு பேசிக்கொண்டுதான் ஆடினாள். குரல் கேட்டதும் முதல் கேள்வி "பொண்ணா?" இரண்டாவது, "இன்ஸ்டா ஐடி?" தரமாட்டேன் என்றால் வருகிற மூன்றாவதை இங்கே எழுத முடியாது. இப்போது மேப்பில் குறி வைப்பாள். ஆபத்து என்றால் ரெடிமேடாக இருக்கிற "எனிமீஸ் அஹெட்"டை அழுத்துவாள். அவ்வளவுதான் அவள் கருத்து. நான் செத்த பிறகு சாவகாசமாக மேப்பைத் திறந்து பார்த்தேன். அவள் வைத்த குறி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும். இடத்தைச் செத்தவர்கள் அடைத்துக்கொண்டார்கள்.

மூன்று பிணங்களும் அவள் தோளில் ஏறிக்கொண்டோம். "ப்ரோ, ரைட்ல! ப்ரோ, ஸ்மோக் போடு!" என்று தளபதி கத்தினார். அவள் ரைட்டிலும் பார்க்கவில்லை, ஸ்மோக்கும் போடவில்லை. கடைசிவரை நின்று ஜெயித்து, சிக்கன் டின்னர் அடித்தாள். "இந்தப் பையன் செமையா ஆடுறான்ல, அங்கிள்?" என்றார் தளபதி.

மினிமேப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் படம் இருக்கும். அதைத் தொட்டால் அணியில் பேசுகிறவர்களின் குரல் மட்டும்தான் அணையும்; காலடிச் சத்தம், துப்பாக்கிச் சத்தம் எல்லாம் நன்றாகக் கேட்கும். தொட்டுவிட்டு ஆடுங்கள்.