அறுந்தால் என்ன செய்வது, ஐயா?

அனுப்புநர்:
முன்னாள் பயிலுநர் (கிளவுட் கம்ப்யூட்டிங்),
ஆரணி, திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
பயிற்சி ஒருங்கிணைப்பாளர் அவர்கள்
(இது தானியங்கி முகவரி, பதில் அனுப்ப வேண்டாம்).

பொருள்: பயிற்சி நிறைவு – கருத்துரை கோரியது – அளிப்பது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மா / மென்பொருளே,

பயிற்சிக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டிருந்தீர்கள். ஐந்தையும் அழுத்திவிட்டேன். அழுத்தாமல் சான்றிதழ் இறங்க மறுத்தது. உங்கள் பெட்டியில் 200 எழுத்துக்கு மேல் இடமில்லாததால் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சான்றிதழின் கியூஆர் குறியீடு திடீரென்று வேலைநிறுத்தம் செய்தால் என் கிரெடிட்டுக்கு யார் பொறுப்பு?

பொறியியல் மாணவர்கள் படிப்புக் காலத்தில் 600 முதல் 700 மணி நேரம் தொழிற்பயிற்சி பெற வேண்டும், அதற்கு 14 முதல் 20 கிரெடிட் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் வழிகாட்டுதல் சொல்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் எங்கள் ஊரில் தறி உண்டு, அரிசி ஆலை உண்டு, கிளவுட் கம்பெனி இல்லை. அந்த நேரத்தில்தான் "வீட்டிலிருந்தபடியே இன்டர்ன்ஷிப்" என்று நீங்கள் வந்து நின்றீர்கள், கையில் கட்டண ரசீதோடு.

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பழகுநருக்கு நிறுவனம் உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்கிறது. உங்கள் பயிற்சி அந்தச் சட்டத்தின் வாசலில்கூடச் செருப்பைக் கழற்றாதது என்பதால் பணம் எதிர்த்திசையில் பயணம் செய்தது. அது போகட்டும்.

பயிற்சி முழுக்கக் காணொளிகள். நடுநடுவே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடு, தவறினால் மறுபடி தேர்ந்தெடு. பிறகு "செய்முறை ஆய்வகம்". திரையில் ஒரு அம்புக்குறி துடிக்கும், அது காட்டும் பொத்தானை அழுத்தினால் சர்வர் உருவாகிவிடும். வேறு எதை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. நேரம் முடிந்ததும் எல்லாம் தானே மறைந்துவிடும். தப்பு செய்யவே முடியாதபடி இவ்வளவு பத்திரமாக ஒரு தொழிலைச் சொல்லித்தர முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பின்னால் தறியில் உட்கார்ந்திருந்த அப்பா நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, அறுந்துபோனா இன்னா பண்ணணும்னு சொன்னாங்களா?"

சொல்லவில்லை, ஐயா.

நெசவு பழக வருகிறவரை எங்கள் ஊரில் முதல் நாளே தறியில் ஏற்ற மாட்டார்கள். முதலில் நாடாவுக்குள் போகும் நூலைத் தாராகச் சுற்ற வேண்டும். பிறகு கரையைத் தனி நாடாவால் இணைக்கும் கோர்வைச் சேலைக்குத் துணையாளாகப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். அவற்றில் எது அறுந்தாலும் நிறுத்தி, தேடி, பிணைத்துவிட்டுத்தான் மேலே போக முடியும். பார்க்காமல் நெய்துகொண்டே போனால் அந்தக் குறை முந்தி வரைக்கும் கூடவே வரும். முதலாளி பட்டையும் ஜரிகையையும் எடைபோட்டுக் கொடுப்பார், சேலையாகத் திரும்பும்போது மறுபடி எடைபோட்டு வாங்குவார். குறைந்தால் கூலியில் கைவைப்பார். பழகுகிறவருக்கு முதலில் வருவது நெசவு இல்லை, பயம். அது நல்ல பயம்.

உங்கள் துறைக்கும் அந்தப் பயம் தெரியும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், ஒரு சர்வர் என்று நினைத்து இன்னொன்றில் தரவுகளை அழித்துவிட்டார். நம்பியிருந்த காப்பு ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. மீட்புப் பணியை அவர்கள் யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அடுத்த மாதம் 28-ஆம் தேதி அமேசானில் ஒருவர் கட்டளையைப் பிழையாக உள்ளிட்டதில், நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் கழன்றுபோயின. எஸ்3 என்னும் தரவுச் சேமிப்புச் சேவை சில மணி நேரம் படுத்தது. "எங்கள் சேவை எப்படி இருக்கிறது" என்று காட்டும் அமேசானின் பக்கமும் அதே எஸ்3-ஐ நம்பியிருந்ததால், ஊரே இருண்டபோதும் அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உங்கள் காணொளிகளைப் பார்க்கும்போது எனக்கு அடிக்கடி அந்தப் பச்சை விளக்கு ஞாபகம் வரும்.

பில் விஷயமும் அப்படியே. அளந்து கணக்கிடப்படும் சேவை என்பது, அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2011-இல் கிளவுடுக்கு வகுத்த ஐந்து இலக்கணங்களில் ஒன்று. வினாத்தாளில் வந்தது, மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் ஒரு பில்லையாவது கண்ணில் காட்டினீர்களா? சர்வரை அணைக்க மறந்து தூங்கினால் காலையில் எவ்வளவு ஏறியிருக்கும், செலவு எல்லை தாண்டினால் எச்சரிக்கும்படி எப்படி வைப்பது, எதுவும் இல்லை. எடைபோடாமல் பட்டு கொடுக்கும் முதலாளியை ஆரணியில் காட்டுங்கள் பார்ப்போம்.

யோசனை கேட்டிருந்தீர்கள், சொல்கிறேன். பயிலுநருக்கு நிஜக் கணக்கு ஒன்றும் அதில் சொற்பத் தொகையும் கொடுங்கள். தொகை தீர்ந்தால் ஏன் தீர்ந்தது என்று எழுதி வாங்குங்கள். அவர்கள் கட்டியதை நடுவாரத்தில் நீங்களே சொல்லாமல் உடையுங்கள். நெட்ஃபிளிக்ஸ் தன் சர்வர்களைத் தானே கண்டபடி அணைத்துப் பார்க்க "கேயாஸ் மங்கி" என்று ஒரு குரங்கையே வளர்த்தது. குரங்குக்கு வசதியில்லை என்றால் எங்கள் ஊர் மின்வெட்டை இரவல் தருகிறோம். உதாரணத்துக்குக் கலிபோர்னியாவின் பீட்சாக் கடையை விட்டுவிட்டு, ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் நூல் இருப்பையும் கூலிக் கணக்கையும் ஏற்றச் சொல்லுங்கள். கணக்கு தப்பினால் மறுநாளே வாசலில் ஆள் நிற்பார், அதைவிடக் கறாரான தேர்வு உண்டா? பயிலுநர் எழுதியதை ஒரு மனிதர் வாசிக்கட்டும், அவருக்கு ஒரு பெயரும் இருக்கட்டும். எனக்கு அமைந்த "வழிகாட்டி" எந்தக் கேள்விக்கும் "சிறப்பான கேள்வி!" என்று மட்டும் பதில் அனுப்பினார்.

சான்றிதழில் என் பெயர் தவறாக இருப்பதைப் பற்றி முறையிடப் போவதில்லை. இங்கே நெய்த சேலைகள் காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விற்பதைப் பார்த்துப் பழகிய ஊர் இது.

நன்றிக்கடனாக, உங்கள் நிறுவனத்தாருக்காக நாங்களும் ஒரு மெய்நிகர் நெசவு இன்டர்ன்ஷிப் தொடங்கியிருக்கிறோம். ஆரணிக்கு வர வேண்டாம். நூல் தர மாட்டோம், தறியின் படம் அனுப்புவோம். அப்பா நெய்வதைக் காணொளியில் பார்க்கலாம், ஒன்றரை மடங்கு வேகத்திலும் ஓட்டலாம். நாடா எந்தப் பக்கம் போகும் என்பதற்கு அம்புக்குறி உண்டு. இழை எதுவும் அறுந்துபோகாது என்று உறுதியளிக்கிறோம். முடிவில் "தேர்ந்த பட்டு நெசவாளர்" சான்றிதழ், கியூஆர் குறியீட்டுடன். அதைக் காட்டி உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவையை நீங்களே நெய்துகொள்ளலாம். கட்டணத்தில் பாதி தள்ளுபடி, இன்று நள்ளிரவு வரை மட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(பெயர் சான்றிதழில் உள்ளபடி)