லோதி ரோட்டு இலக்கணக்காரர்

லோதி ரோட்டின் சி.ஜி.ஓ. வளாகத்தில் மத்திய அரசு அலுவலகங்கள் பல அடுத்தடுத்து அமைந்திருப்பதாலும், தேசியத் தகவலியல் மையத்தின் தலைமையகமே அங்கு இருப்பதாலும், கணினி அறிந்தோர் என்னும் இனம் அப்பகுதியில் செழித்து வளர்கிறது. அவ்வினத்துள் பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருக்கும்போது 'பார்சர் ஜெனரேட்டர்' கற்கத் தொடங்கும் டெல்லித் தமிழர் தனி வகையாக வைத்து எண்ணத்தக்கவர்.

பார்சர் ஜெனரேட்டர் என்பது, ஒரு மொழியின் தொடரிலக்கண விதிகளை எழுதிக் கொடுத்தால், அம்மொழியில் வரும் தொடர்களைப் பிரித்தறியும் நிரலைத் தானே ஆக்கித் தரும் கருவி. 1970களில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் உருவாக்கிய 'யாக்', பின்னர் வந்த 'பைசன்' ஆகியவை இவற்றுள் புகழ்பெற்றவை. முன்னது ஒலிப்பில் கவரிமாவையும் பின்னது காட்டெருமையையும் குறிக்கும் என்பதை முதல் நாளிலேயே தெரிந்துகொள்ளும் இவர், மற்றவற்றைத் தெரிந்துகொள்ள மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறார்.

கற்றதை இவர் விளக்கும் இடம், குளிர்கால மதியத்தில் ஊழியர்கள் வெயில் காயும் புல்தரை. செய்தித்தாளை விரித்து, எண்ணுக்கு வேர்க்கடலையும் கழித்தல் குறிக்கு ஆரஞ்சுத் தோலுமாக வரிசை வைத்து, வருவதை ஒவ்வொன்றாகக் குவியலில் ஏற்றுவது 'ஷிஃப்ட்' என்றும், குவியலின் உச்சியில் கடலை, தோல், கடலை என்று ஒரு விதி நிறைவுற்றதும் அம்மூன்றையும் எடுத்துவிட்டு ஒரே கடலையாகச் சுருக்கி வைப்பது 'ரெட்யூஸ்' என்றும் காட்டுவார். எடுத்த கடலைகள் அவர் வாய்க்குள் போய்விடுவதால், தயிர்சாதத்தோடு வந்த உதவியாளர், "சார், சுருக்கினது போதும், எங்களுக்கும் கொஞ்சம் வையுங்க" என்பது வழக்கம்.

ஏற்றுவதா சுருக்குவதா என்ற ஐயம் எழும்போது, வேறு கட்டளை இல்லையெனில், யாக் ஏற்றவே செய்யும். இரண்டு விதிகளுள் எதனால் சுருக்குவது என்று ஐயம் எழுந்தால், பட்டியலில் முன்னால் எழுதப்பட்ட விதிக்கே முதலிடம் தரும். பல்கலைக்கழக மாணவர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இவ்விடத்தை இவர் ஒரு நொடியில் கடந்துவிடுகிறார். ஐயம் வந்தால் கோப்பை அடுத்த மேசைக்கு நகர்த்து, பூசல் வந்தால் பணிமூப்பைப் பார் என்ற இவ்விரண்டையும் இவர் முப்பது ஆண்டுகளாகச் செய்துவருகிறார் அல்லவா?

எனினும் கருவி விளைவைக் காட்டாமல் விடுவதில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றுக்கு எது முந்தியது என்று அறிவிக்காமல் இலக்கணம் எழுதினால், ஏற்றுவதா சுருக்குவதா என்ற மோதல்கள் 16 என்று பைசன் எச்சரிக்கும். 10−4−3 என்பதில் நடுவில் சுருக்காமல் ஏற்றிக்கொண்டே போவதால், அது 10−(4−3) என்றாகி விடை 9 என வரும். 'லெஃப்ட்' என்னும் ஓர் அறிவிப்பால் தீர்ந்துபோகும் இக்குறைக்கு, இவர் 'எக்ஸ்பெக்ட் 16' என்று எழுதுகிறார். அதாவது பதினாறு மோதல்கள் எதிர்பார்க்கப்பட்டவையே என்ற குறிப்பு. குறிப்பைக் கண்டதும் எச்சரிக்கை அடங்கிவிடும்; கணக்கு மட்டும் மாறாது.

சம்பளப் பிரிவினர் இதைக் கேள்விப்பட்டு, பத்தில் நான்கும் மூன்றும் பிடித்த பிறகும் ஒன்பது கையில் வருமானால் என்ன விலையானாலும் வாங்கிவிடலாம் என்கின்றனர். விலையே இல்லை, இலவசம் என்றதும்தான் சந்தேகப்படுகின்றனர்.