மாற்றிக் கொடுத்த கைக்கு ஒரு பாராட்டு

கார் ஒர்க்‌ஷாப் என்றாலே தரையெல்லாம் ஆயில், "நாளைக்கு வாங்க" என்ற பதில் என்று குறை சொல்கிறவர்கள் விருதுநகரில் உங்கள் ஒர்க்‌ஷாப்பைப் பார்த்ததில்லை, அண்ணாச்சி. உங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். வந்தவருக்கு நாற்காலி உண்டு, கேட்காமலே டீ வரும். சொன்ன நேரத்துக்கு வண்டி கைக்கு வந்துவிடும். இதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

என் காரின் குறையை உங்களிடம் சொன்னேன். ஐடிலில் அமைதியாக நிற்கிறது, மெதுவாகப் போனாலும் தொந்தரவில்லை. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று அழுத்தினால் மட்டும் ஒரு கணம் திக்கிக் குலுங்குகிறது, அப்புறம்தான் பிக்கப் எடுக்கிறது. நான் சொல்லி முடிப்பதற்குள் பானெட் திறந்திருந்தது. ஓட்டிப் பார்க்க வேண்டிய தேவையே உங்களுக்கு இருக்கவில்லை. ஸ்கேனரை மாட்டினீர்கள். பி0171, சிஸ்டம் டூ லீன் என்று வந்தது. அரை மணிக்குள் புது ஆக்ஸிஜன் சென்சார் ஏறிவிட்டது.

அந்த வேகத்தை நான் எங்கும் சொல்வேன். காற்று கூடி பெட்ரோல் குறைந்துவிட்டது என்பதுதான் அந்தக் கோடுக்குப் பொருள். புகைக்குழாயில் உட்கார்ந்து அந்த உண்மையைக் கண்டு சொன்னதே ஆக்ஸிஜன் சென்சார்தான். உண்மை சொன்னவனை முதலில் வெளியே அனுப்பினீர்கள்.

திக்கல் நிற்கவில்லை. நீங்களும் தளரவில்லை. பிளக் நான்கும் மாற்றினீர்கள். காயில் மாற்றினீர்கள். திராட்டில் பாடியைக் கழற்றிக் கரியெல்லாம் போகப் பளபளவென்று துடைத்தீர்கள். பிறகு ஃப்யூவல் பம்ப். திக்குகிற எஞ்சினில் இவை ஒவ்வொன்றும் சந்தேகப்பட வேண்டியவைதான், அதை மறுக்க முடியாது. பல பெட்ரோல் கார்களில் பம்பின் அழுத்தம் 3 பாரிலிருந்து 4 பார் வரை இருக்கும். கேஜ் ஒன்றை மாட்டினால் பம்ப் நல்லதா கெட்டதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தக் கேஜ் உங்கள் சுவரில் புதுக் கருக்கு மாறாமல் தொங்குகிறது. கருவியை இவ்வளவு பத்திரமாக வைத்திருப்பவரை நான் பார்த்ததில்லை.

எல்லாம் ஒரிஜினல் பார்ட்ஸ். எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் வைக்கவில்லை. கழற்றிய பழசையெல்லாம் கவரில் போட்டு என் கையிலேயே கொடுத்தீர்கள். அந்த நேர்மை எத்தனை கடையில் உண்டு?

கடைசியில், எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்றீர்கள். உங்கள் பேச்சில் பாதி உண்மை எப்போதும் இருக்கும். பழைய வடிவமைப்புக் கார்களில் 20 சதவீதக் கலப்பால் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையும் என்று 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. ஆனால் மைலேஜ் குறைவது வேறு, அழுத்தும்போது மட்டும் திக்குவது வேறு.

நம் பக்கத்தில் கலவை தெரியாதவர் கிடையாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்கே போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த மண் இது. சிவகாசியில் மருந்து கலக்கிறவருக்கு உப்பு எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, அலுமினியப் பொடி எவ்வளவு என்று கைக்குத் தெரியும். எஞ்சினும் அதே கணக்கில்தான் எரிகிறது. எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, 20 சதவீத எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 பங்கு. கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ நுழைகிறது என்பதுதான் என் காரின் கதை.

அதைக் கண்டது திருத்தங்கலில் தகரக் கூரைக்குக் கீழே வேலை பார்க்கும் ஒரு பெரியவர். அங்கே டீ கிடையாது. முதலில் வண்டியை அவரே ஓட்டினார், பக்கத்தில் என்னை ஸ்கேனரோடு உட்கார வைத்து. ஐடிலில் 3, 4 சதவீதம் இருந்த ஃப்யூவல் ட்ரிம், மேட்டில் அழுத்தியதும் 20-ஐத் தாண்டியது. வண்டியை ஓரங்கட்டி, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து திராட்டிலுக்குப் போகும் ரப்பர் ஹோஸை இரண்டு கையாலும் வளைத்தார். அடிப்பக்க மடிப்பில் ஒரு விரற்கடை நீளத்துக்கு வெடிப்பு வாய் பிளந்தது. கையை எடுத்ததும் மூடிக்கொண்டது.

அழுத்தினால் எஞ்சின் மவுண்டில் சாயும், சாய்ந்தால் அந்த வெடிப்பு திறக்கும். ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டி உள்ளே போகும் அந்தக் காற்றை எஞ்சின் கம்ப்யூட்டர் அறியாது, அதற்கான பெட்ரோலையும் விடாது. திராட்டில் பாடியைத் துடைக்க நீங்களே கழற்றி மாட்டிய ஹோஸ் அது, அண்ணாச்சி. கிளாம்பை அவ்வளவு ஒழுங்காக முறுக்கியிருந்தீர்கள் என்று அவரும் மெச்சினார்.

இந்தத் திக்கலோடுதான் ஆமத்தூர் அருகே ஒரு லாரியை முந்தப் போனேன். எதிரே பஸ், பின்சீட்டில் பிள்ளைகள். அழுத்துகிறேன், வண்டி போகவில்லை. "எல்லாம் சரியாகிவிட்டது" என்று நீங்கள் சாவியைக் கொடுத்த மறுநாள் அது. உங்கள் வாக்கை நம்பித்தான் வலதுபக்கம் ஏறினேன். நான் வண்டியை எடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை அழுத்தி ஓட்டியிருந்தால் எனக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நீங்கள் கவரில் போட்டுத் தந்த சென்சார், பிளக், காயில், பம்ப் எல்லாவற்றையும் பெரியவர் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார். எதிலும் பழுதில்லை. உங்களிடம் வரும் யாருக்காவது ஆகும் என்றால் ஆள் அனுப்புங்கள், கொடுத்துவிடுகிறேன். ஹோஸ் மட்டும் ஆகாது.