கெட்டிச் சட்னியும் ஒற்றளபெடையும்

தமிழ் தெரியாதவர்களிடம் தமிழர்கள் பேசும் தமிழுக்கு இதுவரை யாரும் இலக்கணம் எழுதவில்லை. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில், தமிழ் கற்கும் பாதிரிமாருக்காகச் செந்தமிழுக்கு ஒன்று, கொடுந்தமிழுக்கு ஒன்று என்று லத்தீனில் தனித்தனியாக இலக்கணம் எழுதினார். மூன்றாவதாக ஒரு தமிழ் இருப்பது அவர் காதில் விழாமல் போயிருக்க வழியே இல்லை. ஊர்க்காரர்கள் அவரிடம் முதலில் அதைத்தானே பேசியிருப்பார்கள்? மரியாதை கருதி விட்டுவிட்டார் என்றே கொள்ள வேண்டும். மேலைநாட்டு மொழியியலாரில் சார்லஸ் ஃபெர்குசன் 1970களில் இந்த 'அயலார் பேச்சை' ஆராய்ந்திருக்கிறார். ஆனால் திருப்பூர் ஓட்டல்கள் அவர் ஆய்வில் இடம்பெறவில்லை. அக்குறையை இக்கட்டுரை போக்குகிறது.

ஆய்வுக்களம், பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருக்கும் ஒரு டிபன் கடை. பரிமாறுபவர் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். சாப்பிடுபவர் வேட்டி கட்டிய பெரியவர், இலையில் இரண்டு இட்லி. பெரியவர் நிமிர்ந்து பார்த்தார், முகத்தை வைத்தே தம்பி எந்த ஊர் என்று முடிவு செய்தார், தொண்டையைச் செருமினார்.

"தம்பி... சட்னி... கெட்ட்ட்டி... நீ... கொண்டு... வரும்?"

கெட்டி என்பதை விளக்க வலது கையை இறுக்கி முஷ்டியாக உயர்த்தினார். தம்பி ஓரடி பின்வாங்கினார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "கெட்டிச் சட்னி தீந்துபோச்சுங்ணா. தண்ணிச் சட்னிதானுங் இருக்குது, ஊத்தட்டுங்களா?"

பெரியவர் எதிரே இருந்தவரிடம் திரும்பி, "பாவம், இதுக்குத் தமிழ் வராது" என்றார்.

இந்த உரையாடலைப் பவணந்தியாரின் நன்னூல் வழிநின்று பகுப்பாய்வு செய்வோம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண் இமைக்கும் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. இந்த அளவைத் தாண்டி ஒலித்தால் அளபெடை. செய்யுளில் ஓசை குறையும்போது புலவர்கள் இதைக் கையாண்டார்கள். நம் காலத்தில் எதிராளிக்கு அறிவு குறைவு என்று தோன்றும்போது கையாள்கிறோம். இதற்குப் 'புரியவைப்பளபெடை' என்று பெயரிடலாம். ஆனால் ஒற்றளபெடையில் அளபெடுக்கும் மெய்கள் ங, ஞ, ண, ந, ம, ன, வ, ய, ல, ள ஆகிய பத்தும் ஆய்தமும்தான். வல்லினத்துக்கு அந்த உரிமை கிடையாது. ஆகவே "கெட்ட்ட்டி" செல்லாது. பெரியவர் "தண்ண்ண்ணி" என்று நீட்டியிருந்தால் பவணந்தியார் ஒருவேளை ஒத்துக்கொண்டிருப்பார், சட்னியும் கிடைத்திருக்கும்.

அடுத்து, "நீ கொண்டு வரும்". 'செய்யும்' என்னும் முற்று தன்மைக்கும் முன்னிலைக்கும் பலர்பாலுக்கும் வராது என்பது விதி. இது அப்பட்டமான இடவழு. தம்பியை 'இது' என்றது திணைவழு. "நேத்தே நான் சொல்லும், நீ மறக்கும்" என்று பக்கத்து மேசையில் ஒருவர் கடிந்துகொண்டது காலவழு. "பார்சலுங்களா?" என்ற கேள்விக்கு ஒருவர் "எந்த ஊரு நீ?" என்றாரே, அது விடைவழு. ஏழு வழுக்களில் ஒரே காலையில் நான்கு அகப்பட்டன. நான்கையும் செய்தவர்கள் தாய்மொழிக்காரர்கள்! தமிழை உடைத்துப் போட்டால் அது தானாக ஒடியா ஆகிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

தம்பி பக்கமும் பார்க்க வேண்டுமல்லவா? உள்ளேயிருந்து மாஸ்டர் கூப்பிட்டபோது, இடத்தைவிட்டு அசையாமலே "வந்துட்டேனுங்" என்று குரல் கொடுத்தார். இனிமேல்தான் வரப்போகிறவர் இறந்தகாலத்தில் பேசலாமா? பேசலாம். விரைவு கருதி வரும் காலவழுவமைதி அது.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபல். இரைச்சலுக்கு நடுவே குரல் தானாக உயர்வதை 1911இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியன் லொம்பார் விளக்கினார். ஆனால் அன்று கடையில் மிக்சிகூட ஓடவில்லை. எதிராளியின் புரியாமையையும் ஒரு இரைச்சல் என்றே நம் தொண்டை எடுத்துக்கொள்கிறது போலும்.

சிலர் இந்திக்குத் தாவுவார்கள். பானி, ஜல்தி, கித்னா என்று மூன்று சொல் போதும், பாரதம் முழுவதும் கைக்குள் வந்துவிடும். வந்திருப்பவர் ஜார்க்கண்டின் சந்தாலியாக இருந்தால் கதை வேறு. சந்தாலி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம். அதற்கு இந்தியைவிடக் கம்போடியாவின் கெமர் மொழிதான் நெருங்கிய உறவு. ஆக, இந்தியைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவர், திருப்பூரில் நின்றுகொண்டு, இட்லியைப் பற்றி இந்தியில் தவிக்கிறார்கள்.

அப்படியென்றால் தம்பி தமிழை எங்கே கற்றார்? நம்மிடம் அல்ல. அடுப்படியில் மாஸ்டர் திட்டும்போது, கல்லாக்காரர் கணக்கில் சண்டை பிடிக்கும்போது, கறிகாய் இறக்குகிறவரிடம் வம்பளக்கும்போது கற்றார். அங்கே யாருக்கும் நிறுத்தி நிறுத்திப் பேச நேரமில்லை. முழு வினைமுற்றும் முழு வேகத்தில் காதில் விழுந்தது. 'ங்' உட்பட ஒட்டிக்கொண்டது. நம்முடைய அன்பான, மெதுவான, உடைந்த தமிழை அவர் பாடமாக எடுத்துக்கொண்டிருந்தால் இன்றைக்கும் "நான் வரும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். நாம் அவருக்குத் தமிழ் வராது என்று முடிவு கட்டியது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் கற்றுக்கொடுக்க உட்கார்ந்திருப்போம்.

வாசகர்களுக்கு விண்ணப்பம் ஒன்றுதான். அடுத்த முறை ஓட்டலில் உங்கள் வீட்டில் கேட்பதைப் போலவே கேளுங்கள். புரியாவிட்டால் தம்பியே "என்னங்ணா?" என்பார். அப்போது இன்னொரு தடவை சொல்லுங்கள், அதே சத்தத்தில்.